அழைத்த நடிகரை வரவேண்டாம் என்று சொல்வதா? பெங்களூரில் நம் முன் உள்ள வழிகள்

பெங்களூரில் நாங்கள் நடத்தும் திரைப்பட உரையாடல் வட்டம் சிறியது. அல்சூர், காக்ஸ் டவுன், ஸ்ரீராமபுரம், எஜிபுரா என்று நகரத்தின் பல பகுதிகளிலிருந்தும் வரும் தமிழர்கள் கூடி ஒரு படம் பார்ப்போம், பிறகு அதைப் பற்றிப் பேசுவோம். அடுத்த கூட்டத்துக்குச் சென்னையிலிருந்து ஒரு நடிகரை அழைத்திருக்கிறோம். ஆணவக் கொலைகளுக்கு எதிராகத் தொடர்ந்து பேசிவருகிறவர் அவர். அதற்காகவே தமிழ்நாட்டில் ஒரு சாதி அமைப்பு அவரைக் கண்டித்துச் சுவரொட்டி ஒட்டியது. அவர் படம் ஓடும் தியேட்டர்களை மறிப்போம் என்று ஒரு கட்சிக்காரர்கள் மிரட்டினார்கள். அந்தக் கோபம் ஓசூரைத் தாண்டாது என்று நினைத்திருந்தோம். அழைப்பிதழ் வாட்ஸ்அப்பில் பரவிய சில நாட்களில், முன்பு எப்போதோ ஒரு காவிரிப் போராட்ட மேடையில் அவர் பேசிய வீடியோ இங்கே சுற்றத் தொடங்கியது. மண்டபத்தின் மேலாளர் கூப்பிட்டு, நிகழ்ச்சி உண்டா இல்லையா என்று கேட்டார். உறுப்பினர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். ஒவ்வொன்றையும் எடைபோட்டுப் பார்த்ததை இங்கே எழுதுகிறேன். இதே இக்கட்டு நாளை இன்னொரு தமிழ் வட்டத்துக்கு மும்பையிலோ டில்லியிலோ வரலாம் என்பதால் பொதுவில் எழுதுகிறேன்.

எடைபோட நான் எடுத்துக்கொண்ட அளவுகோல் ஒன்றுதான்: ஒவ்வொரு வழியிலும் அதன் விலையைக் கடைசியில் கொடுக்கப்போவது யார்? நடிகர்களைச் சுற்றி நடக்கும் விவாதங்களில் பெரும்பாலும் நடிகரின் துணிச்சல், நடிகரின் மானம், நடிகரின் பட வசூல் என்றுதான் பேச்சு போகிறது. ஸ்ரீராமபுரத்தில் பாத்திரக் கடை வைத்திருக்கும் எங்கள் மூத்த உறுப்பினர் கூட்டத்தில் எழுந்து சொன்னது வேறு. “தம்பி, அவர் ராத்திரி விமானத்தில் ஊருக்குப் போய்விடுவார். மறுநாள் காலையில் கடையைத் திறக்க வேண்டியவன் நான்.” 1991 டிசம்பரில் காவிரி இடைக்காலத் தீர்ப்பை ஒட்டி இந்த நகரத்தில் தமிழர்கள் தாக்கப்பட்டபோது அவருக்கு இருபது வயது இருக்கும். அவருடைய பயத்தைக் கோழைத்தனம் என்று ஒதுக்கிவிட்டு எந்த முடிவையும் எடுக்க முடியாது.

அந்தப் பயத்துக்குப் பிந்தைய காலத்திலும் ஆதாரம் இருக்கிறது. 2016 செப்டம்பரில் காவிரிப் பதற்றம் உச்சத்தில் இருந்தபோது, கன்னட நடிகர்களைக் கேலி செய்து சமூக ஊடகத்தில் பதிவிட்டார் என்று ஒரு தமிழ் மாணவரைப் பெங்களூரில் தேடிப் பிடித்து அடித்து, மண்டியிட்டு மன்னிப்புக் கேட்கவைத்து, அதை வீடியோ எடுத்துப் பரப்பினார்கள். பதிலுக்குத் தமிழ்நாட்டில் கன்னடர்கள் தாக்கப்பட்டார்கள். செப்டம்பர் 12 அன்று பெங்களூரில் தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட பஸ்கள் எரிந்தன. மேடையில் இருந்த எந்த நட்சத்திரத்தின் மீதும் அந்த அடி விழவில்லை. அறை எடுத்துத் தங்கிப் படித்துக்கொண்டிருந்த ஒரு பையன் மீது விழுந்தது.

முதல் யோசனை, ரத்து செய்துவிடுவது. “ஒத்திவைப்போம்” என்று இதமாகச் சொன்னாலும் பொருள் அதுதான். இதில் ஒரு வசதி இருக்கிறது: அன்றைக்கு யாருக்கும் எதுவும் ஆகாது. 2018 டிசம்பரில் நசீருத்தீன் ஷா, உத்தரப் பிரதேசத்தின் புலந்த்ஷகர் வன்முறையை ஒட்டி, தன் பிள்ளைகளை நினைத்துக் கவலைப்படுவதாகப் பேசிய சில நாட்களில், அஜ்மீர் இலக்கிய விழாவில் அவருடைய நிகழ்ச்சி எதிர்ப்பாளர்களின் ஆர்ப்பாட்டத்தால் ரத்தானது. அமைப்பாளர்கள் வன்முறையைத் தவிர்த்தார்கள், உண்மைதான். 2021 நவம்பர் 28 அன்று நம் பெங்களூரிலேயே நகைச்சுவைக் கலைஞர் முனவர் ஃபரூக்கியின் நிகழ்ச்சி, சட்டம் ஒழுங்கைக் காரணம் காட்டிப் போலீஸ் எழுதிய கடிதத்தால் நின்றது. அதற்கு அடுத்த ஆண்டும் அவருக்கு இங்கே அனுமதி கிடைக்கவில்லை. ஒரு முறை நின்ற நிகழ்ச்சி அடுத்த முறை இன்னும் எளிதாக நிற்கிறது. மண்டபக்காரர்களுக்கு ஞாபகம் இருக்கிறது, போலீஸ் நிலையத்துக்கும் ஞாபகம் இருக்கிறது, தொலைபேசியில் மிரட்டியவருக்கு எல்லாரையும்விட அதிகமாக ஞாபகம் இருக்கிறது.

ரத்துக்கான விலையைக் கொடுப்பது யார் என்று யோசித்தபோது எனக்கு நடிகரின் முகம் நினைவுக்கு வரவில்லை. எங்கள் வட்டத்தில் ஓர் இளம் தம்பதி இருக்கிறார்கள். சாதி மாறித் திருமணம் செய்துகொண்டதால் சொந்த மாவட்டத்தில் இருக்க முடியாமல் பெங்களூருக்கு வந்தவர்கள். பக்கத்து வீட்டுக்காரர் சாதி கேட்காத ஒரு தெருவில் வாழ்வதற்காகவே இந்த நகரத்தைத் தேர்ந்தெடுத்தவர்கள் அவர்களைப் போல ஏராளம். பார்வையாளர் பகுதியிலிருந்து எழுந்து இந்தக் கூட்டத்தில்தான் முதல்முறையாகத் தன் கதையைச் சொல்லப்போவதாக அந்தப் பெண் சொல்லியிருந்தாள். ரத்து என்ற பேச்சு வந்ததும் அவள் எங்களைக் கேட்டாள்: “அண்ணா, அவர் பேசியதற்கே பயந்து நிறுத்துகிறீர்கள் என்றால், நான் பேசினால் என்ன செய்வீர்கள்?” இந்தக் கேள்விக்கு எங்களில் ஒருவராலும் பதில் சொல்ல முடியவில்லை. ரத்து செய்தால் நடிகருக்கு ஒரு மாலைப்பொழுது மிச்சமாகும். அவளுக்கு ஒரு மேடை இல்லாமல் போகும்.

இரண்டாவது யோசனைக்கு எங்கள் குழுவில் ஆதரவு அதிகம். நடிகர் தன் பழைய காவிரிப் பேச்சுக்கு ஒரு வருத்தம் தெரிவித்துவிடட்டும், வீடியோவாகவே வாங்கி வெளியிட்டுவிடலாம், பிறகு நிம்மதியாகக் கூட்டம் நடத்தலாம் என்பது அவர்கள் வாதம். இதற்கு அவர்கள் காட்டும் முன்னுதாரணம் சத்யராஜ். அதை விரிவாகவே பார்க்க வேண்டும், ஏனென்றால் அது நடந்தது நம் ஊரில்.

2008-இல் சென்னையில் நடந்த ஒரு போராட்டக் கூட்டத்தில் சத்யராஜ் கன்னட அமைப்பினரைக் கடுமையாகப் பேசினார். ஒன்பது ஆண்டுகள் கழித்து, 2017 ஏப்ரலில், பாகுபலியின் இரண்டாம் பாகம் வெளிவரும் நேரத்தில் அந்த வீடியோ மீண்டும் எடுக்கப்பட்டது. அவர் மன்னிப்புக் கேட்காமல் படத்தை விடமாட்டோம் என்று கன்னட அமைப்புகள் அறிவித்தன, படம் வெளிவரும் ஏப்ரல் 28 அன்றே பெங்களூர் பந்த் என்றும் சொன்னார்கள். முதல் பாகத்திலும் அவர்தான் நடித்திருந்தார். அது 2015-இல் கர்நாடகத்தில் தடையில்லாமல் ஓடியது. பேச்சு புண்படுத்தியிருந்தால் அந்தப் புண் 2015-இல் எங்கே போயிருந்தது? வெளியீட்டுக்கு ஒரு வாரம் முன்பு சத்யராஜ் ஒரு வீடியோ வெளியிட்டார். தன் சொற்கள் கன்னட மக்களைப் புண்படுத்தியிருந்தால் வருந்துவதாகச் சொன்னார். அதே மூச்சில், காவிரி உள்பட தமிழர்களின் பிரச்சினைகளுக்கு இனியும் குரல் கொடுப்பேன் என்றும், அதனால் சிக்கல் வரும் என்று அஞ்சும் தயாரிப்பாளர்கள் தன்னை நடிக்க அழைக்க வேண்டாம் என்றும் சொன்னார். படம் வெளிவந்தது.

எனக்கு இதில் மரியாதைக்குரியதாகப் படுவது, அவர் சொற்களையும் நிலைப்பாட்டையும் பிரித்துக் காட்டிய விதம். ஒரு மக்கள் கூட்டத்தை இழிவாகப் பேசியிருந்தால் அதற்கு வருந்துவது யாருக்கும் அழகுதான். தண்ணீர் கேட்டதற்கோ சாதிக் கொலையைக் கண்டித்ததற்கோ வருந்த வேண்டியதில்லை. எங்கள் நடிகரின் பழைய பேச்சிலும் கன்னடர்களைப் பற்றி இரண்டு வரி இருக்கிறது, சொல்லியிருக்கக் கூடாத வரிகள். அவர் தாமாகவே அதற்கு வருந்தினால் நான் மகிழ்வேன்.

ஆனால் மண்டபக் கதவைத் திறக்கும் சாவியாக மன்னிப்பைக் கேட்டு வாங்குவது வேறு விஷயம். அது பாதுகாப்புத் தரும் என்ற நம்பிக்கையும் தவறு. ரஜினிகாந்த் 2008 ஏப்ரலில் ஒகேனக்கல் குடிநீர்த் திட்டத்துக்காகத் திரையுலகம் நடத்திய உண்ணாவிரதத்தில் பேசினார். ஆகஸ்டில் குசேலன் வெளிவருவதற்கு முன் கர்நாடக மக்களிடம் வருத்தம் தெரிவித்தார். பத்து ஆண்டுகள் கழித்து, 2018-இல், காவிரி பற்றிய கருத்துக்காகவே அவருடைய காலா படத்துக்குக் கர்நாடகத் திரைப்பட வர்த்தக சபை கதவைச் சாத்தியது. பெங்களூரில் பஸ் கண்டக்டராக வேலை பார்த்தவர், கன்னடம் சரளமாகப் பேசுகிறவர், ஏற்கெனவே வருந்தியவர். எதுவும் உதவவில்லை.

மன்னிப்பு வழக்குகளையும் நிறுத்துவதில்லை. 2005-இல் திருமணத்துக்கு முந்தைய உறவு பற்றி ஒரு பத்திரிகைப் பேட்டியில் குஷ்பு சொன்ன கருத்துக்காகத் தமிழ்நாடு முழுவதும் இருபதுக்கும் மேற்பட்ட வழக்குகள் தொடுக்கப்பட்டன. அவர் வருத்தம் தெரிவித்தார். வழக்குகள் நடந்துகொண்டேதான் இருந்தன. கடைசியில் 2010 ஏப்ரல் 28 அன்று உச்ச நீதிமன்றம்தான் அத்தனையையும் ரத்து செய்தது. சாய் பல்லவி 2022 ஜூனில், காஷ்மீர் பண்டிதர்களின் துயரத்தையும் பசுவின் பெயரால் நடக்கும் தாக்குதலையும் ஒரு பேட்டியில் சேர்த்துப் பேசியதற்கு எதிர்ப்பு எழுந்ததும், எல்லா உயிரும் சமம் என்றே சொன்னேன் என்று நிதானமாக விளக்கினார். 2024-இல் அவருடைய அடுத்த பெரிய படம் வரும் சமயத்தில் பழைய பேட்டித் துண்டுகளோடு புறக்கணிப்புக் கோஷம் மீண்டும் வந்தது. அமீர் கான் 2015-இல் சகிப்பின்மை பற்றிச் சொன்னதை 2022-இல் எடுத்துவைத்துக்கொண்டு அவர் படத்தைப் புறக்கணிக்கச் சொன்னார்கள். பழைய வீடியோ எப்போதும் ஒரு படமோ விழாவோ வரும் நேரத்தில்தான் வெளியே வருகிறது. எங்களுக்கும் அழைப்பிதழுக்குப் பிறகுதான் வந்தது.

அதனால் கேட்டு வாங்கிய மன்னிப்பின் விலை யார் தலையில் விழும்? நடிகருக்கு அது ஒரு நாள் செய்தி. நமக்கு அது ஒரு விதியாகிவிடும்: பெங்களூரில் தமிழில் பேச வருகிறவர் முதலில் மன்னிப்புக் கேட்டுவிட்டு வர வேண்டும் என்ற விதி. அடுத்த ஆண்டு ஒரு கவிஞரை அழைத்தாலும் அவருடைய பழைய பதிவுகளை யாரோ தேடுவார்கள்.

மூன்றாவது யோசனையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நடிகர் வரட்டும், சினிமா மட்டும் பேசட்டும், “அரசியல்” வேண்டாம் என்று அவரிடம் கேட்டுக்கொள்வது. நாங்கள் திரையிடப்போகும் படமே சாதி கடந்த காதலைப் பற்றியது. கேமரா கோணத்தைப் பற்றி மட்டும் பேசிவிட்டுக் கொலையைப் பற்றிப் பேசாமல் இருங்கள் என்று ஒரு விருந்தினரிடம் சொல்ல எனக்கு வாய் வராது. அவர் ஒப்புக்கொண்டாலும் கேள்வி நேரத்தில் பார்வையாளர்கள் கேட்பார்கள். இதற்கு ரத்தே மேல்.

நான்காவது, இணையவழியில் நடத்துவது, அல்லது ஒருவர் வீட்டு மொட்டை மாடியில் தெரிந்தவர்களை மட்டும் கூப்பிட்டு நடத்துவது. இதை நான் முழுவதும் நிராகரிக்கவில்லை. கடைக்காரருக்கும் மாணவர்களுக்கும் இது பாதுகாப்பு. அந்தத் தம்பதிக்கும் ஒருவேளை இதுதான் இதமாக இருக்கலாம் என்று அவர்களிடமே கேட்டேன். அந்தப் பெண்ணின் கணவர் சொன்னார், வீட்டுக்குள் பேசிக்கொள்வதை அவர்கள் தினமும் செய்கிறார்கள் என்று. ஸூமில் நடத்தினால் பதிவு வெளியே போய், வெட்டி ஒட்டிய துண்டுகளாகத் திரும்பி வரும் ஆபத்தும் இருக்கிறது. நேரில் நூறு பேர் கேட்ட பேச்சைத் திரிப்பதைவிட அதைத் திரிப்பது எளிது.

ஐந்தாவது வழி சட்டம். இளைஞர்களுக்கு இதில்தான் வேகம். உயர் நீதிமன்றத்துக்குப் போவோம், போலீஸ் பாதுகாப்புக் கேட்போம் என்கிறார்கள். உரிமை நம் பக்கம் இருக்கிறது என்பதில் சந்தேகமில்லை, அந்த உரிமையை எழுதிக் கொடுத்ததே ஒரு தமிழ்ப் படத்தின் வழக்கு. இட ஒதுக்கீடு பற்றிய ‘ஒரே ஒரு கிராமத்திலே’ படத்தின் தணிக்கைச் சான்றிதழைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தபோது, 1989 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதை மீட்டுக் கொடுத்தது. ஊர்வலம் நடத்துவோம், வன்முறை வரும் என்ற மிரட்டலைக் காரணமாகக் காட்டிக் கருத்துரிமையை ஒடுக்க முடியாது. பாதுகாப்புக் கொடுப்பது அரசின் கடமை. அதைச் செய்ய முடியவில்லை என்று அரசு கைவிரிக்கவும் முடியாது என்றது அந்தத் தீர்ப்பு. அதை எழுதியவர் கர்நாடகத்தைச் சேர்ந்த நீதிபதி கே. ஜெகந்நாத ஷெட்டி. நாங்கள் போலீஸ் நிலையத்துக்கு எழுதப்போகும் கடிதத்தில் இந்தத் தீர்ப்பு கட்டாயம் இடம்பெறும்.

சட்டத்தின் குறை, அதன் நேரம். 2025 மே மாதம் சென்னையில் நடந்த தக் லைஃப் பட விழாவில் கன்னடம் தமிழிலிருந்து பிறந்தது என்று கமல்ஹாசன் சொன்னதை எல்லாரும் அறிவோம். மொழி வரலாறு பற்றிய அந்தக் கூற்றோடு எனக்கு உடன்பாடு கிடையாது. இரண்டும் ஒரே திராவிடக் குடும்பத்தின் கிளைகள் என்றே மொழியியலாளர்கள் சொல்கிறார்கள். ஆனால் தவறான கருத்துக்கு மறுப்புத்தான் மருந்து, தடை கிடையாது. கர்நாடகத் திரைப்பட வர்த்தக சபை அவரை மன்னிப்புக் கேட்கச் சொன்னது, அவர் மறுத்தார். கர்நாடக உயர் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கேட்டுப் போனபோது, ஒரு மன்னிப்பில் முடிந்துவிடுமே என்ற தொனியில் நீதிபதியே கேட்டார். ஜூன் 5 அன்று மற்ற இடங்களில் வெளிவந்த படம் இங்கே வரவில்லை. பெங்களூரைச் சேர்ந்த ஒருவர் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். தெருவைக் கும்பல்கள் கைப்பற்ற விடமுடியாது என்று ஜூன் 17 அன்று நீதிபதிகள் கண்டித்தார்கள். பாதுகாப்புத் தருவதாக மாநில அரசும் உறுதி சொன்னது. சட்டம் வென்றது. அதற்குள் படத்தின் வணிகம் முடிந்துபோயிருந்தது. கமல்ஹாசன் போன்ற ஒருவருக்கே, அத்தனை பணமும் வழக்கறிஞர்களும் இருந்தும் இதுதான் நிலை என்றால், ஒரு மாலைக் கூட்டத்துக்கு நாம் ரிட் மனு போட்டு அது பட்டியலில் வருவதற்குள் நாற்காலிகளை அடுக்கிவிட்டுப் போயிருப்பார்கள். குஷ்புவுக்கு நான்கரை ஆண்டுகள் ஆயின.

போலீஸைப் பற்றியும் ஒன்று. பெங்களூரில் ஆர்ப்பாட்டங்களை ஃப்ரீடம் பார்க்கில்தான் நடத்த வேண்டும் என்று 2021-இல் ஓர் உத்தரவு வந்தது. மண்டப வாசலில் கூட்டம் கூடினால் அதைச் சுட்டிக்காட்டலாம். ஆனால் காவலர் நான்கு பேர் நிற்கும் வாசலைத் தாண்டி எங்கள் கடைக்கார அண்ணனின் கடை வரைக்கும் அந்த உத்தரவு கூட வராது.

இவ்வளவையும் ஒதுக்கிவிட்டு நான் ஆதரிப்பது ஆறாவது வழி: கூட்டத்தைக் குறித்த நாளில், திறந்த மண்டபத்தில், கன்னட நண்பர்களோடு கூட்டாக நடத்துவது. இதை எல்லாரும் முதலில் ஒரு மரியாதைக்கான ஏற்பாடாகத்தான் நினைத்தார்கள், மேடையில் ஒரு கன்னடருக்குச் சால்வை போட்டுவிடுவது போல. நான் சொல்வது அதுவல்ல.

2023 செப்டம்பர் 28 அன்று நடந்ததை நினைத்துப் பாருங்கள். சித்தார்த் தன் சித்தா படத்தின் கன்னட வடிவத்துக்காகப் பெங்களூரில் பத்திரிகையாளர்களைச் சந்தித்தார். குழந்தைகள் மீதான பாலியல் வன்முறையைப் பற்றிய படம் அது. காவிரிப் போராட்டம் நடந்துகொண்டிருந்ததால் உள்ளே புகுந்தவர்கள் அவரைப் பேசவிடாமல் எழுப்பி அனுப்பினார்கள். காவிரியைப் பற்றி அவர் அங்கே ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. அந்த நிகழ்வின் கசப்பை யார் தணித்தது? நீதிமன்றம் வரவில்லை, போலீஸும் வரவில்லை. கன்னடர்கள் சார்பில் மன்னித்துவிடுங்கள் என்று பிரகாஷ் ராஜ் எழுதினார். மறுநாள் கன்னடத் திரையுலகம் காவிரிக்காகவே கூடிய மேடையில் கன்னட நடிகர் சிவராஜ்குமார் சித்தார்த்திடம் வருத்தம் தெரிவித்தார். தன் மாநிலத்துக்குத் தண்ணீர் வேண்டும் என்று கேட்கும் மேடையிலேயே அதை அவர் சொன்னார் என்பதுதான் பெரிது. ஒரு தமிழர் ஆயிரம் முறை சொல்லியிருந்தாலும் அந்த வார்த்தைக்கு அந்த எடை வந்திருக்காது.

பிரகாஷ் ராஜே இந்த ஊர்ப் பிள்ளை. 2017 செப்டம்பர் 5 அன்று பெங்களூர்ப் பத்திரிகையாளர் கௌரி லங்கேஷ் தன் வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு அவர் கேள்வி கேட்கத் தொடங்கினார். அடுத்த ஜனவரியில் கர்நாடகத்தின் சிர்சியில் அவர் பேசிவிட்டுப் போன மேடையைக் கோமியம் தெளித்துக் கழுவினார்கள். பெங்களூரில் வாழும் கன்னட நடிகர் சேத்தன், தன் பதிவுகளுக்காக 2022 பிப்ரவரியிலும் 2023 மார்ச்சிலும் கைதானார். வாயைத் திறக்கும் நடிகர்கள் மீது பாயும் கோபம் தமிழர் என்று பார்த்து வருவதில்லை. கன்னடம் பேசுகிறவர்களே இதைத் தங்கள் மொழிக்குள் அனுபவித்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களோடு சேராமல், நாம் தனியாகத் தாக்கப்படுவதாக நினைத்துக்கொண்டு ஒரு மூலையில் கூடுவது நமக்கே நஷ்டம்.

எங்கள் கூட்டத்தின் பொருள் இன்னும் நெருக்கமான காரணத்தைத் தருகிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் கல்யாண நகரத்தில், சாதியை மறுத்த பசவண்ணரின் அடியார்களான சரணர்களிடையே, செருப்புத் தைக்கும் ஹரளய்யாவின் மகனுக்கும் பிராமணரான மதுவரசரின் மகளுக்கும் திருமணம் நடந்தது. அதற்காக இரு தந்தையரும் மன்னன் பிஜ்ஜளனின் ஆணையால் கொடூரமாகக் கொல்லப்பட்டார்கள் என்றும், அதிலிருந்து கல்யாணமே கொந்தளித்தது என்றும் சரண மரபு சொல்கிறது. கர்நாடகத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்த கதை. எங்கள் நடிகர் எதற்காகத் தமிழ்நாட்டில் திட்டு வாங்குகிறாரோ, அதே நியாயத்துக்காக உயிர் கொடுத்தவர்களைக் கன்னடம் எண்ணூறு ஆண்டுகளாக நினைவில் வைத்திருக்கிறது. அந்த நினைவோடு ஒரு கன்னடப் பேராசிரியரோ நாடகக்காரரோ கூட்டத்தைத் தொடங்கிவைத்தால், இது காவிரி மேடை கிடையாது என்பதை வாசலில் நிற்பவருக்கு நாம் விளக்க வேண்டிய தேவையே இருக்காது.

இந்த வழி நடக்கக்கூடியது என்பதற்கு அல்சூர் ஏரிக்கரையே சாட்சி. 1991-இல் வைத்த திருவள்ளுவர் சிலை பதினெட்டு ஆண்டுகள் மூடியே கிடந்தது. 2009 ஆகஸ்ட் 9 அன்று கருணாநிதியும் எடியூரப்பாவும் ஒரே மேடையில் நின்று அதைத் திறந்தார்கள். நான்கு நாட்களில் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞரின் சிலை திறக்கப்பட்டது. அரசியல் கணக்குகள் இருந்திருக்கும். ஆனால் திறந்தபின் அந்தச் சிலைக்கு இரண்டு பக்கமும் பொறுப்பேற்றது.

இந்த வழியிலும் விலை உண்டு, அதை மறைக்க மாட்டேன். முதல் விலையைக் கன்னட நண்பர்கள் கொடுப்பார்கள். தமிழருக்காகப் பேசுகிறாய் என்ற வசை அவர்களுக்கு வரும். அதனால் அவர்களை அலங்காரத்துக்குக் கூப்பிடாமல், யார் பேசுவது, என்ன வரிசை, பழைய வீடியோவைப் பற்றி நடிகரிடம் கேட்பதா என்பதையெல்லாம் அவர்களோடு உட்கார்ந்து தீர்மானிக்க வேண்டும். நாங்கள் பேசிப் பார்த்த ஒரு கன்னட நாடக நண்பர் ஒரு நிபந்தனை வைத்தார்: அந்த இரண்டு வரியைப் பற்றி மேடையில் தானே நேராகக் கேட்பேன், நடிகர் விரும்பியபடி பதில் சொல்லட்டும். எனக்கு இது எவ்வளவோ சரியாகப் படுகிறது. மிரட்டலுக்குப் பதிலாக வரும் மன்னிப்பைவிட, ஒரு கன்னடர் முகம் பார்த்துக் கேட்ட கேள்விக்கு வரும் பதில் உண்மையாக இருக்கும். நடிகரிடம் இதைத் தெரிவித்தோம். வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

மீதி எல்லாம் நடைமுறை. அழைப்பிதழ் இரு மொழியிலும் அச்சாக வேண்டும். அனுமதி முன்பதிவில் மட்டும். எல்லைக்குட்பட்ட போலீஸ் நிலையத்துக்குக் கன்னடத்தில் கடிதம், இரு மொழிக்காரர்களும் கையெழுத்திட்டு, ஒப்புகை முத்திரையோடு நகல். முழுப் பேச்சையும் நாமே பதிவு செய்து அன்றிரவே வெளியிட வேண்டும், துண்டு வீடியோ முந்திக்கொள்ளாமல் இருக்க. அன்றைக்குக் காலையில் போலீஸ் வேண்டாம் என்றால், வாய்மொழியாகச் சொன்னதை ஏற்காமல் எழுத்தில் கேட்க வேண்டும்; எழுதிக் கொடுத்தால் அதை மதித்து நிறுத்திவிட்டு, அந்தக் கடிதத்தோடு நீதிமன்றத்துக்குப் போகலாம். அப்போது ஐந்தாவது வழிக்கு நேரம் இருக்கும்.

கடைக்கார அண்ணனோடு இதைப் பற்றி நீண்ட நேரம் பேசினேன். அவர் இன்னும் முழுதாக ஒப்பவில்லை. கன்னட நண்பர்கள் பெயர் அழைப்பிதழில் இருந்தால் தன் பயம் பாதியாகும் என்றார். மண்டபம் ஸ்ரீராமபுரத்திலும் அல்சூரிலும் இல்லாமல், தமிழர் கடைகள் நெருங்கியிராத இடத்தில் இருந்தால் மீதியும் குறையும் என்றார். அவர் கேட்பது நியாயம். தேதியையும் விருந்தினரையும் பொருளையும் மாற்றாமல் மண்டபத்தை மட்டும் மாற்றுவதற்கு நான் வாக்களிக்கப்போகிறேன். டொம்லூரிலோ ஜே.பி. நகரிலோ அந்த மாலைக்கு இடம் தரக்கூடியவர்கள் யாராவது தெரிந்தால், வரும் ஞாயிறு கூடுவதற்குள் எங்கள் குழுவில் சொல்லுங்கள்.